நீல வண்டி

மக்கா,

அப்பா சொல்லச் சொல்ல, செல்வி எழுதுகிறாள். உன் தங்கப்ப மாமாவின் மகள் கையெழுத்து உனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, மடியில் ஒரு அட்டையும் அதன்மேல் தாளுமாக என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். "போன்ல பேசினா தீராதா மாமா?" என்று கேட்டாள். தீராது என்றேன். போனில் நான் வாயைத் திறந்தால் நீ இரண்டாவது பேச்சிலேயே, "சரிப்பா, டியூட்டி இருக்கு, வைக்கேன்" என்பாய். தாளை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடக்கினாலும் மீதி உள்ளேயே இருந்துகொண்டிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது காதைவிட்டுப் போகவில்லை. உன் மேலதிகாரி, ஒவ்வொரு இன்ஸ்பெக்டரும் தன் ஸ்டேஷனுக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் என்றாய். குண்டு துளைக்காத வண்டி ஒன்று, பட்டாளத்துக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரித் துப்பாக்கி பத்து, வானத்தில் பறந்து படம் பிடிக்கிற கருவி இரண்டு, தூரத்திலிருந்து புகைக்குண்டு எறிகிற புதுச் சாமான்கள் என்று வரிசையாகச் சொன்னாய். நான் வாங்கித் தரப்போகிற சைக்கிளைப் பற்றிச் சின்ன வயதில் பேசுவாயே, அந்தக் குரல். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "வண்டி வந்தா முதல்ல எங்க போவும் மக்களே?" நீ யோசிக்கக்கூட இல்லை. "குவாரி ரோட்டுக்குத்தான்ப்பா. குவாரி வேண்டாம்னு ஊருக்காரனுவோ அங்கதான் தினமும் லாரிய மறிக்கானுவோ" என்றாய். பிறகு கைபேசிக்கு ஒரு படம் அனுப்பினாய். ஏழெட்டு பேர் தலைக்கவசமும் முகத்தை மூடுகிற கண்ணாடியும் மாரில் கட்டின பலகையுமாக நிற்கிறார்கள். வெகுநேரம் பார்த்தேன். பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. செல்விதான் விரல் வைத்துக் காட்டினாள், வலது ஓரத்தில் நிற்பது நீ என்று.

நான் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. உன்னோடு வேலை பார்க்கிற அந்தப் பையன் மணல் கடத்துகிற லாரியை நிறுத்தப் போய்க் கையில் வெட்டுப்பட்ட கதையைச் சொன்னாய். மூன்று விரல் இன்னும் மடங்கவில்லை என்றாய். "ஒரு கம்பையும் விசிலையும் வச்சிக்கிட்டு அங்கன போய் நிக்கணும்ங்கியளா? எனக்க உயிரு உங்களுக்குப் பெருசில்லியா?" என்று கேட்டாய். பெருசுதான் மக்கா. மாரில் கட்டுகிற பலகையைக் கேள், தலைக்கவசத்தைக் கேள், அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நல்ல வண்டி ஒன்றைக் கேள். நீ முழுசாக வீட்டுக்கு வரவேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை. ஆனால் மற்ற சாமான்களை எழுதுவதற்கு முன்னால் நீ ஒரு சமாச்சாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பது வருஷத்துக்கும் மேலாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மா கண்ணை மூடுகிறவரைக்கும் அவளிடமும் சொல்லவில்லை.

உனக்கு அப்போது ஒன்பது வயது. நான் மேலப்பத்து என்கிற வயல்பரப்புக்கு மடை பார்த்துக்கொண்டிருந்தேன். சானலில் வருகிற தண்ணீரை எந்த வயலுக்கு எத்தனை நேரம் விடுவது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் என் பொறுப்பு. எழுத்து தெரியாதவன் என்பதால் ஒரு வயலையும் மறந்ததில்லை. மேலப்பத்துக்கு ஆறு நாள், பிறகு கீழப்பத்துக்கு ஆறு நாள், அதுதான் முறை. முறை மாறுகிற காலையில் கீழப்பத்துக்காரர்கள் வயலுக்கு ஒரு ஆளாக மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு வரிசையாக வருவார்கள். முன்னால் வருகிறவன் ஆற்றுப்பாலம் தாண்டியதும் மம்பட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டவேண்டும். மடையில் விழுகிற தண்ணீர் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது, அதற்காக ஏற்பட்ட வழக்கம். 'ஆள் வந்தாச்சு, அடைப்பை எடு' என்று அர்த்தம். நானும் என் மம்பட்டியைத் தூக்கிக் காட்டுவேன். அடைப்பு மண்ணில் முதல் வெட்டு நான் வெட்டுவேன், இரண்டாவது வெட்டு அவர்கள் வெட்டுவார்கள். தண்ணீர் கைமாறிவிடும். அந்த வருஷம் கீழப்பத்துக்கு முன்னால் வருகிறவன் உன் மாமன் தங்கப்பன். உன் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

அந்தக் கும்பப்பூ நெல் சாகுபடியில் அணையில் தண்ணீர் குறைவு. கதிர் பால் பிடிக்கிற சமயம், இரண்டு பத்து வயலும் காய்ந்து கிடந்தது. மேலப்பத்து முதலாளிகள் என்னைக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு நாள் அடைப்பை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முறை தப்பு என்று எனக்குத் தெரியும். சொல்லவும் செய்தேன். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் அதற்கு முந்தின முறையில் சாயாக்கடையில் நடந்த ஒரு பேச்சு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது தங்கப்பன் என்னைப் பார்த்து, "அத்தான், உமக்க தலைக்குள்ள எழுதி வச்ச கணக்க எலி கரும்பிட்டு போலிருக்கே! நேத்து ஒரு நாழிக எங்களுக்குக் குறஞ்சு போச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மைத்துனன் அத்தானைக் கேலி செய்வது நம் ஊரில் புதிதா? ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குள்ளே இறங்கவே இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்குக் கணக்கு தவறும் என்று ஒருவன் சொன்னால், அவனுக்கு வேறே என்ன மிச்சம் இருக்கிறது?

இப்படிச் சண்டை அதற்கு முன்னாலும் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு ஏட்டையா சைக்கிளில் வருவார். வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும், கையில் கம்புகூடச் சில நாள் இருக்காது. மடைக்கல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டு இரண்டு கட்சியையும் கூப்பிடுவார். "லேய், கணையக் கழத்தி இஞ்ச போடுங்கலே. பொறவு பேசுவோம்" என்பார். மம்பட்டியிலிருந்து மரப்பிடியைத் தனியாகக் கழற்றி ஒரு பக்கமும் இரும்பை இன்னொரு பக்கமும் குவிக்கவேண்டும். நாற்பது மம்பட்டிக்கும் ஆப்பைத் தட்டிக் கணையைக் கழற்றவே அரைமணி நேரம் ஆகும். அதற்குள் அவர் ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உனக்க கெழவிக்கு இழுப்பு எப்பிடிலே இருக்கு?" "மூத்தவளுக்கு மாப்ள அமஞ்சுதா?" என்று விசாரிப்பார். பேசி முடிந்து, எது எவன் கணை என்று தேடி எடுத்துத் திரும்ப மாட்டுவதற்குள் கோபம் இருந்த இடம் தெரியாது. ஒருமுறை தங்கப்பன் இரும்பு என் கணையில் மாட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தாள்.

அந்த வருஷம் ஏட்டையா தனியாக வரவில்லை. முதலாளிகள் பெரிய இடத்தில் சொல்லி, வெளியூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. கம்பிவலை போட்ட நீல வண்டி. அதிலிருந்து இருபது பேர் இறங்கினார்கள். தலைக்கவசம், கேடயம், இரண்டு பேர் கையில் துப்பாக்கி, ஒருவன் கையில் வாய் அகன்ற புகைக்குண்டுத் துப்பாக்கி. நம் வயல் வரப்பில் அப்படி ஒன்றை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. நீ எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவன், போக மாட்டேன் என்று மடைச்சுவருக்குப் பின்னால் நின்றுவிட்டாய். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கீழப்பத்து ஆட்கள் வருவது தெரிந்தது. ஏட்டையா, அவர்களைக் கூட்டிவந்த இன்ஸ்பெக்டரிடம் போய், "சார், நான் ஒருக்காப் போய்ப் பேசிட்டு வாறேன். எல்லாம் நம்ம பயக்கதான்" என்றார். இன்ஸ்பெக்டரும் சரி என்று தலையை ஆட்டப் போனார். அதை நான் பார்த்தேன். அதற்குள் என் பக்கம் திரும்பி, "நீதானே மடை ஆள்? எத்தனை பேர் வர்றாங்க? கையில என்ன வச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

மம்பட்டி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஒவ்வொரு முறைக்கும் கொண்டு வருகிறதுதான் சார் என்று சொல்லியிருந்தால் போதும். நான், "நாப்பது அம்பது பேரு உண்டு சார். மம்பட்டிக்கு எடையில வெட்டுக்கத்தியும் வச்சிருக்கானுவோ. வெட்டணும்னு சொல்லிட்டுத்தான் வாரானுவோ" என்றேன். வெட்டுக்கத்தி எதுவும் இல்லை. நான் பார்க்கவும் இல்லை, யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. சாயாக்கடைச் சிரிப்பு என் வாயில் வந்து அப்படிச் சொல்லிற்று. வண்டியைப் பார்த்து அவர்கள் பயந்து திரும்பிவிடுவார்கள், தங்கப்பன் ஒருநாளாவது என் முன்னால் தலை குனிந்து போவான் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேலே நினைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஏட்டையாவைப் பார்த்து, "நீங்க பின்னால போங்க" என்றார்.

தங்கப்பன் பாலத்தைத் தாண்டினான். வழக்கம்போல மம்பட்டியைத் தலைக்குமேல் தூக்கினான். அது என்ன என்று எங்கள் பக்கத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஏட்டையாவும் நானும். ஏட்டையா கையை வீசிக்கொண்டு, "சார், சார், அது மடைக்கு உள்ளது, அது மடைக்கு உள்ளது" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. வழக்கப்படி நானும் என் மம்பட்டியைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை, என் கை கீழேயே கிடந்தது. புகைக்குண்டை மேலே பார்த்துச் சுடவேண்டுமாம், பிறகு சொன்னார்கள். அவன் நேராகச் சுட்டான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவன் இந்தத் தண்ணீரை அறியமாட்டான், இந்த ஆட்களை அறியமாட்டான். வெட்டுக்கத்தியோடு ஐம்பது பேர் வருகிறார்கள் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான், முன்னால் வருகிறவன் இரும்பைத் தூக்குகிறான். குண்டு தங்கப்பன் முகத்தின் இடது பக்கத்தில் போய் விழுந்தது. புகையில் எல்லோரும் ஓட, அவன் மட்டும் சானல் கரையில் உட்கார்ந்து தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் விட்டுக்கொண்டிருந்தான். வடசேரிச் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோன வண்டியில்தான் அவனை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் போய்விட்டது. அப்போது செல்வி கைக்குழந்தை.

அன்றைக்குச் சாயங்காலம் ஏட்டையா சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஓய், முப்பத்தெட்டு மம்பட்டி எடுத்துருக்கோம். ஒரு வெட்டுக்கத்தி கெடயாது. எவன் கையில இருந்துன்னு எனக்கு மட்டும் சொல்லும்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சாகிறவரைக்கும் யாரிடமும் சொல்லவும் இல்லை. நான் வாயால் சொன்னதோடு சரி, யாரும் எழுதவில்லை, கைரேகை வாங்கவில்லை. அதனால் எந்தத் தாளிலும் நான் இல்லை. வெட்டுக்கத்திக் கதையைப் போலீஸே கட்டிவிட்டது என்று ஊர் பேசியது. தங்கப்பன் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறான். அந்தப் பழியைப் போலீஸ் தலையிலேயே விட்டுவிட்டேன். நீ பிறகு அந்தப் போலீஸிலேயே போய்ச் சேர்ந்தாய்.

அதுவும் என்னால்தான். புகை அடங்கினதும் நீ ஓடிப்போய் வெறும் குண்டுக்குப்பி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். சூடு ஆறவில்லை, சட்டை நுனியில் சுற்றிப் பிடித்திருந்தாய். உன் மாமனைத் தூக்கிக்கொண்டு போகிற பக்கம் நீ பார்க்கவில்லை. "அப்பா, நீங்க சொன்ன ஒடன சுட்டாங்கல்ல?" என்று கேட்டாய். உன் முகத்தில் ஒரு பெருமை. அது என்னைப் பற்றின பெருமை. அதைப் பிடுங்கிச் சானலில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. என்னைப் பெரிய ஆளாகப் பார்த்த ஒரே ஜோடிக் கண் அன்றைக்கு உன்னுடையதுதான். அந்தக் குப்பியில் பத்தாம் வகுப்பு வரைக்கும் பேனாவும் பென்சிலும் போட்டு வைத்திருந்தாய். உன் மாமன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் அம்மா அதை எடுத்துப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். ஏன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை.

இதுவரை எழுதினதும் செல்வி பேனாவை மூடினாள். தாளை அட்டையோடு கட்டிலில் வைத்தாள். "நான் போறேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஸ்கூட்டரை உடனே எடுக்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வேறு யாரையாவது கூப்பிட்டு முடித்திருக்கலாம், பக்கத்து வீட்டிலேயே கல்லூரிக்குப் போகிற பெண் இருக்கிறாள். கூப்பிடவில்லை. இன்று மூன்றாம் நாள். வந்தாள், தண்ணீர் குடித்தாள், அதே இடத்தில் உட்கார்ந்து, "மிச்சத்தச் சொல்லுங்க" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. நான் சொல்லுகிறேன், அவள் எழுதுகிறாள்.

மக்கா, துப்பாக்கியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றுதான் தெரியும். வெளியே இருந்து வருகிற படைக்கு ஊர் தெரியாது. ஊர் தெரியாதபோது, பக்கத்தில் நிற்கிற ஒருவனிடம்தான் கேட்கவேண்டும், 'கையில என்ன வச்சிருக்காங்க?' என்று. சாமான் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு அந்த ஒருவனின் வாய்க்கு வலு. என் வாயில் வந்த பொய்யை ஏட்டையா சைக்கிளில் வந்திருந்தால் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பார், நடந்துபோய்ப் பார்த்திருப்பார். கண்டுபிடித்து என்னைத் திட்டியிருப்பார், அவ்வளவுதான். வண்டிக்குள் இருந்து அந்தக் கனத்த கண்ணாடி வழியாக நீ பார்க்கும்போது, குவாரி ரோட்டில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மடியில் இருப்பது சோற்றுப்பாத்திரமா வேறொன்றா என்று உனக்கு யார் சொல்வார்கள்? குவாரி முதலாளியின் ஆள் ஒருவன் சொல்வான். அவனுக்கும் ஒரு சாயாக்கடைச் சிரிப்பு உள்ளே கிடக்கும். பட்டாளத்துக்காரனுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் பெயர் தெரியவேண்டாம். அவன் மறுநாள் அதே தெருவில் போய் யார் வீட்டுக் கதவையும் தட்டப்போவதில்லை. நீ தட்டவேண்டும். களவு போனால் அந்தப் பெண்தான் உன்னிடம் வந்து சொல்லவேண்டும்.

அதனால் நீ எழுதுகிற தாளில், பெரிய சாமான்களுக்கு முன்னால், அந்த ரோட்டு ஜனங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த நாலு போலீஸ்காரர்களைக் கேட்டு எழுது. கிடைக்காது என்று சொல்வாய். கிடைக்காமல் போகட்டும், கேட்டதாக இருக்கட்டுமே. அதற்கப்புறமும் அந்தத் துப்பாக்கிகள் வேண்டும் என்று உன் மனசுக்குப் பட்டால் நான் தடுக்கப்போவதில்லை. உன் கூட்டாளியின் மடங்காத விரலை நான் பார்த்ததில்லை, நீ பார்த்திருக்கிறாய். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒருநாள் சீருடை இல்லாமல் குவாரி ரோட்டுக்குப் போய், அவர்கள் எதைக் கையில் கொண்டு வருகிறார்கள் என்று நீயே உன் கண்ணால் பார். இதை ஒரு அப்பன் பிள்ளைக்குச் சொல்கிற புத்தியாக எடுத்துக்கொள்ளாதே. கெடுத்தவன் சொல்கிறான், அப்படி எடுத்துக்கொள்.

இங்கே செல்வி நிறுத்தி ஒன்று சொன்னாள். "மாமா, இத நான் தபால்ல போடணும்னா, அதுக்கு முன்ன நீங்க அப்பாட்டச் சொல்லியிருக்கணும். நான் சொல்லமாட்டேன். அது எனக்க வேல இல்ல." நான் சரி என்றேன். "இதயும் எழுதட்டா?" என்று கேட்டாள். எழுது என்றேன். எழுதிவிட்டாள். ஆகவே இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தால், நான் அவனிடம் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள். அவன் என்ன செய்தான் என்று என்னிடம் கேட்காதே. அவன் என்ன செய்தாலும் அது அவனுக்கு உள்ளது.

நாளைக் காலையில் அவன் சாயாக்கடையில் இருப்பான். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் எப்போதும் உட்காருகிற இடத்தில் இருப்பான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இன்றுவரை நான் அவனுக்கு இடது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்து உட்காரப் போனால், "அங்கன இருக்காத ஓய், அது அத்தானுக்க எடம். எனக்க குருட்டுப் பக்கத்துக்கு அவருதான் காவலு" என்பான். எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொல்லுவான். நான் காவலுக்கு உட்காரவில்லை மக்கா. அந்தப் பக்கம் இருந்தால் அவன் என்னைப் பார்க்கமுடியாது, அதற்காக உட்கார்ந்தேன்.

நாளைக்கு வலது பக்கம் போய் உட்காரப் போகிறேன்.

அப்பா